அழகான சமையலறையில் சமைக்கவும் முடிய வேண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுவீடு கட்டுவோரில் பலர், சமையலறைக்கென ஒதுக்கும் பணத்தின் பெரும்பகுதியைக் கதவுகளின் மினுமினுப்புக்கும் மேடைக் கல்லின் நிறத்துக்கும் கொடுத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலுள்ள பலகைக்கும், சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கும், புகை வெளியேறும் குழாய்க்கும் மிஞ்சியதைத்தான் தருகிறார்கள். குடிபுகுந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்த விலையுயர்ந்த மேடை கறை படாமல் துணி விரித்துப் பாதுகாக்கப்படும். மீன் பொரிப்பதும் மாவரைப்பதும் பின்பக்கத்துப் பால்கனியில் நடந்துகொண்டிருக்கும். புளி, மஞ்சள், தாளிப்பு, ஈரமாவு ஆகிய நான்கையும் அன்றாடம் தாங்காத சமையலறை, எவ்வளவு செலவில் கட்டப்பட்டிருந்தாலும் நம் வீட்டுக்கு உரியதாகாது.

முதல் தவறு மேடைக் கல்லில் நேர்கிறது. இறக்குமதி செய்யப்பட்ட வெள்ளைப் பளிங்கு கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பளிங்கு அடிப்படையில் கால்சியம் கார்பனேட் ஆகும். புளிக்கரைசலோ எலுமிச்சைச் சாறோ மோரோ அதன்மேல் சிந்தினால், அதிலுள்ள அமிலம் கல்லின் மேற்பரப்பையே அரித்து, பளபளப்பு போன மங்கலான தடத்தை விட்டுச் செல்கிறது. இது கறை அல்ல என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மெருகு போடுபவரை மறுபடி அழைக்கத்தான் வேண்டும். கல்லின்மேல் பூசப்படும் சீலர், மஞ்சளும் எண்ணெயும் உள்ளிறங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. குவார்ட்ஸ் மேடைக்கு அமிலத் தொல்லை குறைவு. ஆயினும் அதன் துகள்களைப் பிணைப்பது பிசின் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய சூடான கடாயை நேராக வைத்தால் நிறம் மாறவோ விரிசல் விடவோ கூடும். அமிலத்தையும் சூட்டையும் ஒருங்கே பொறுத்துக்கொள்வது நம் ஊர்க் கிரானைட்தான். கிருஷ்ணகிரிப் பகுதியிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் கல்லை எளியது என்று ஒதுக்கிவிட்டு, அரிபடும் கல்லுக்கு அதைவிடப் பல மடங்கு விலை கொடுப்பது எனக்கு வருத்தம் தருகிறது. வெளிர்நிறம்தான் வேண்டுமென்றால், காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் தமிழ்நாட்டிலேயே வெட்டப்படும் கிரானைட் இருக்கிறது. வெளிர்க் கற்கள் எண்ணெயை உறிஞ்சக்கூடியவை என்பதால், குறித்த இடைவெளியில் சீலர் பூச மறக்கக் கூடாது. பளிங்கின்மீது ஆசை விடவில்லையெனில், சமையல் நடக்காத சாப்பாட்டு மேசைக்கோ காலை உணவு மேடைக்கோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது கூடத்தோடு இணைந்த திறந்த சமையலறை. காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடி கூடத்துச் சோபாவிலும் திரைச்சீலையிலும் தங்கிவிடும் என்று சொன்னால், சிம்னி இருக்கிறதே என்பார்கள். சிம்னியின் உறிஞ்சுதிறனாக அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 6 அங்குல வாய்க்கு 4 அங்குலக் குழாயைப் பொருத்துவது, குழாயை மூன்று நான்கு இடங்களில் வளைத்துப் பொய்க்கூரைக்குள் நெடுந்தூரம் கொண்டுபோவது, நான்கு பர்னர் அடுப்பின் மேல் 60 செ.மீ. அகலச் சிம்னியை மாட்டுவது ஆகிய ஒவ்வொன்றும் இழுப்பைக் குறைத்து இரைச்சலைக் கூட்டும். புகை வெளியேற வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். சன்னலையெல்லாம் அடைத்து ஏசி போட்ட அறையில் சிம்னி திணறும். ஆகவே அடுப்பின் இடத்தை வெளிச்சுவரை ஒட்டி முடிவுசெய்துவிட்டு, மற்றவற்றை அதன் பிறகு அமைப்பதே முறை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் கண்ணாடி நகர்கதவு ஒன்று இருந்தால், திறந்த தோற்றமும் கிடைக்கும், தாளிக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளவும் முடியும்.

பெரிய வீடுகளில் காட்சிக்கு ஒரு சமையலறையும் உழைப்புக்கு இன்னொரு சமையலறையும் கட்டும் வழக்கம் பரவி வருகிறது. உழைப்புக்கான அறைக்கு நல்ல சன்னலும் நடமாட இடமும் தந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல வரைபடங்களில் அந்த அறைக்கு மிஞ்சுவது ஓர் ஆள் திரும்ப முடியாத, காற்றோட்டமில்லாத மூலைதான். வீட்டின் மூன்று வேளை உணவையும் சமைக்கும் தாயோ, சமையலுக்கு வரும் அம்மாவோ அந்தப் புழுக்கத்தில் நிற்க, சற்றுத் தள்ளியே ஆள் புழங்காத அழகு அறை காலியாகக் கிடக்கிறது. இந்தத் தவறு மற்றெல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது.

மேடையின் உயரத்தைக் கடைக்காரர் சொல்லும் பொது அளவில் விட்டுவிடாதீர்கள். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கும்போது, காய் நறுக்கும் பரப்பு முழங்கைக்குச் சுமார் 4 அங்குலம் கீழே இருப்பது வசதி. அடுப்பும் அதன்மேல் ஏறும் இட்லிப் பானையும் சேர்ந்தால் கை தோளுக்கு உயர்ந்துவிடும் என்பதால், அடுப்பு வைக்கும் பகுதியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும், அல்லது மேடைக்குள் பதியும் ஹாப் வகை அடுப்பை வாங்க வேண்டும். ஹாப் வாங்கச் செல்லும்போது வீட்டின் பெரிய குக்கரின் அளவையும் அகலமான கடாயின் அளவையும் குறித்துக்கொண்டு போங்கள். பர்னர்கள் நெருக்கமாக இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க இயலாது.

எரிவாயுவைப் பொறுத்தவரை அழகுக்காக எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும். சிலிண்டரை மறைக்கும் அலமாரிக் கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் இல்லையென்றால், கசிந்த வாயு வெளியேறாமல் அங்கேயே நிற்கும். ரெகுலேட்டரைச் சட்டென மூடக் கை எட்ட வேண்டும். இதற்கு மாறாக, குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது. அதற்குக் காற்றுவழி கூரையை ஒட்டி இருக்க வேண்டும்.

மின்சாரத்திலும் முன்யோசனை தேவை. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு நெருக்கமாக இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது. இண்டக்‌ஷன், ஓவன், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி 16 ஆம்பியர் பாயின்ட்டுகளைச் சுவர் பூசுமுன்பே குறித்துவிட வேண்டும். வெட் கிரைண்டருக்கு மேடையில் நிரந்தர இடம் கொடுங்கள். புவிசார் குறியீடு பெறும் அளவுக்குக் கோயம்புத்தூருக்குப் பெயர் வாங்கித் தந்த அந்தப் பொருளை, பார்வைக்கு அழகில்லை என்று கீழ் அலமாரிக்குள் வைத்தால், மாவரைக்கும் ஒவ்வொரு முறையும் கல்லோடு அதைத் தூக்க முதுகு வளைய வேண்டும். கிரைண்டரைச் சிங்க்குக்குப் பக்கத்தில் வைத்தால் கழுவவும் எளிது.

பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது மேலே ஒட்டிய அக்ரிலிக் பளபளப்பில் மயங்காமல், உள்ளே இருப்பது என்னவென்று கேளுங்கள். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் ஊதிவிடும். சிங்க்கின் அடியில் ஈரம் தாங்கும் தரத்தைக் குறிக்கும் ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட்டே நிலைக்கும். கீழ்ப்பகுதியில் கதவு வைத்த ஆழமான அலமாரிகளைவிட, முழுவதும் வெளியே வரும் டிராயர்கள் மேலானவை; குனிந்து தலையை உள்ளே விட்டுத் தேட வேண்டியதில்லை. உப்பையும் புளியையும் கம்பிக்கூடை டிராயரில் வைத்தால் கூடை துருப்பிடிக்கும். அவற்றுக்குப் பீங்கான் ஜாடியும் மரத்தட்டும் போதும்.

விளக்கை அறையின் நடுக்கூரையில் மட்டும் வைத்தால், நறுக்குபவரின் நிழல் அவர் கைமீதே விழும். மேல் அலமாரிக்கு அடியில் ஓர் எல்இடி பட்டை அதைத் தீர்த்துவிடும். இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறித்த பிறகு, பணிக்கு முன்பணம் கொடுக்குமுன், அந்த வெற்று அறையின் தரையில் அடுப்பு, சிங்க், குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றின் இடங்களைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, அங்கே அன்றாடம் சமைக்கப்போகிறவரை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்டு வரைபடத்தைத் திருத்துங்கள்.