சங்கமத்துக்குக் கீழே கணக்கு உதைத்தது

கிள்ளான் ஆற்றுப் படுகையில் துணையாறுகளின் நீர்த்தரத்தை அளந்துவந்தபோது, கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் அருகே கணக்கு உதைத்தது. கோம்பாக் ஆறு கிள்ளானோடு சேரும் இடம் அது. சேர்ந்த தண்ணீரின் மின்கடத்துதிறன் (கரைந்த உப்புகள் கூடினால் கூடும் அளவு) இரண்டுக்கும் நடுவில்தானே வரவேண்டும்? வந்ததோ அப்படியே கோம்பாக்கின் அளவு. கிள்ளான் தண்ணீர் எங்கே போனது?

முதலில் மீட்டர் மேல் சந்தேகம். மின்கடத்துதிறன் 1413 மைக்ரோசீமன்ஸ்/செ.மீ. என்று தெரிந்த சோதனைக் கரைசலில் சரியாகவே காட்டியது. 25 டிகிரிக்கான வெப்பத் திருத்தமும் சரி. அப்புறம் நடுவில் ஏதாவது கால்வாய் கலக்கிறதா என்று கரையோரம் தேடினோம். வெயிலில் நடந்ததுதான் மிச்சம்.

மேல்பக்கம் மழை பெய்த ஒரு மாலை, பாலத்தில் நின்றபோது பிடிபட்டது. ஆற்றில் ஒரு பாதி தே தாரிக் (மலேசியப் பால் தேநீர்) நிறம், மறுபாதி சாம்பல் பச்சை. நடுவே கோடு கிழித்தாற்போல் நுரை. பிளாஸ்டிக் குப்பையும் அந்தக் கோட்டிலேயே வரிசையாக மிதந்து போனது. எங்கள் பட்டியலில் இருந்த, நீர் மாதிரி எடுக்கும் இடம் வலது கரை, அதாவது கோம்பாக் பக்கம். நேரான கான்கிரீட் கரைக்குள் குறுக்காகக் கலப்பது மெதுவாகத்தான் நடக்கும். மற்ற நாட்களில் இரண்டும் ஒரே நிறமாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

அதன்பின் கீழே ஒவ்வொரு பாலத்திலும் இடது, நடு, வலது என வாளி இறக்கி மின்கடத்துதிறனை மட்டும் பார்த்தோம். மூன்றும் ஒத்துப்போன பாலத்துக்கே மாதிரி எடுக்கும் இடத்தை மாற்றினோம். மலேசிய நீர்த்தரக் குறியீட்டின் 6 அளவீடுகளில் மின்கடத்துதிறன் கிடையாது; ஆனால் கலப்பைக் கண்டுபிடிக்க இவ்வளவு மலிவான வழி வேறில்லை. அந்த 6-இல் ஒன்றான அம்மோனியா நைட்ரஜன் கணக்கும் இப்போது ஒத்துவருகிறது. அப்பாடா!