ஜெட் ஸ்கீ பராமரிப்பு: முதலில் எஞ்சின், அப்புறம்தான் தண்ணீர்

என்னிடம் இருப்பது 2012 மாடல் சீ-டூ ஜிடிஐ 130 என்ற ஜெட் ஸ்கீ, அதாவது தண்ணீரில் ஓட்டும் ஸ்கூட்டர். பழையதாக வாங்கியது. டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரியில் நான்கு கோடைகளாக ஓட்டுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவன். இருந்தாலும் ஆயில் மாற்றுவது, பேட்டரி பார்ப்பது, குளிர்காலத்துக்கு மூடி வைப்பது எல்லாம் வீட்டுக் கராஜிலேயே செய்துகொள்கிறேன். முதல் வருடம் ஒரு சின்னத் தவறால் எஞ்சினையே இழக்கப் பார்த்தேன். இந்தப் பதிவில் பாதி அந்தத் தவறைப் பற்றித்தான்.

டிரெய்லர் மாட்டுவது, ஓட்டுவதற்கான அட்டை வாங்குவது எல்லாம் இங்கே கிடையாது. ஒன்று மட்டும்: கனடாவில் 16 வயது ஆகாத பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது, சட்டம்.

ஏரிக்குப் போகுமுன்

பின்பக்கம் கீழே இரண்டு வடிகால் மூடிகள் இருக்கும். வண்டியை ஏரியிலிருந்து எடுத்ததும் அவற்றைக் கழற்ற வேண்டும். 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் அது விதி. ஒரு ஏரியின் பாசியும் சிப்பியும் இன்னொரு ஏரிக்குப் போகக் கூடாது என்பதற்காக. கழற்றுவது எல்லோருக்கும் நினைவிருக்கும், திரும்ப மாட்டுவதுதான் மறந்து போகும். நான் கழற்றியவுடன் வண்டிச் சாவியை அந்த மூடியோடு சேர்த்து ஒரே பையில் போட்டுவிடுவேன். மூடியைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது.

அடுத்து, சீட்டைக் கழற்றி இரண்டு மூன்று நிமிடம் திறந்து வையுங்கள். உள்ளே பெட்ரோல் ஆவி தங்கியிருந்தால் வெளியேறட்டும். பெட்ரோல் வாசனை பலமாக வந்தால் ஸ்டார்ட் பொத்தான் பக்கமே போகாதீர்கள். முதலில் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

கழுவுவது: என்னைக் கவிழ்த்த படி

ஓட்டி முடித்த பிறகு எக்ஸாஸ்ட் பாதைக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் ஓட்டினால் ஒவ்வொரு நாளும். என்னைப் போல ஏரிக்காரர்கள் சேறும் மணலும் உள்ளே போன நாட்களில் செய்தால் போதும். பின்பக்கம், தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் ஜெட் பம்புக்குப் பக்கத்தில் ஹோஸ் மாட்டும் இடம் இருக்கிறது. மாட்டுங்கள். ஆனால் குழாயைத் திறக்காதீர்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், புரிந்தால் வரிசை தானாக நினைவில் நிற்கும். சீ-டூவில் எஞ்சினைக் குளிரவைப்பது கார் மாதிரி மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட். ஆனால் எக்ஸாஸ்டைக் குளிரவைப்பது ஏரித் தண்ணீர். புகை போகும் பாதையிலேயே தண்ணீரையும் விடுகிறார்கள். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது புகையின் வேகம்தான், வேறு பம்பு எதுவும் இல்லை. எஞ்சின் நின்றிருக்கும்போது தண்ணீர் விட்டால் தள்ள ஆள் கிடையாது. புகைச் சத்தத்தை அடக்கும் மஃப்ளர் நிறையும், தண்ணீர் மேலே ஏறும், திறந்திருக்கும் வால்வு வழியாக சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. அந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையலாம்.

சரி, வரிசை இது:

1. ஹோஸை மாட்டுங்கள். குழாய் மூடியே இருக்கட்டும்.
2. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்கள்.
3. உடனே குழாயைத் திறங்கள். உடனே என்றால் சில விநாடிக்குள்.
4. ஒன்றரை நிமிடம் சும்மா ஓடட்டும். இரண்டு நிமிடத்தைத் தாண்டவே வேண்டாம். பம்பைச் சுழற்றும் ஷாஃப்ட் வண்டியின் உடலுக்குள் நுழையும் இடத்தில், தண்ணீர் புகாமல் அடைக்கும் கார்பன் சீலைக் குளிரவைப்பது ஏரித் தண்ணீர். கராஜில் அதற்குத் தண்ணீர் போகாது.
5. முதலில் குழாயை மூடுங்கள்.
6. எஞ்சினை ஐந்து விநாடி லேசாக முறுக்கி, மிச்சத் தண்ணீரைத் துப்ப விட்டு, அப்புறம் நிறுத்துங்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இதன் நேர் எதிர். குழாய் வீட்டுச் சுவரில், வண்டி டிரைவ்வேயின் கோடியில். மச்சானைக் குழாய்ப் பக்கம் நிற்க வைத்திருந்தேன். நான் சாவியை எடுக்கக் குனிந்த நேரத்தில் "அத்தான், தண்ணி திறந்தாச்சு!" என்று உற்சாகமாகக் குரல் வந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு ஃபோன். நான்கைந்து நிமிடம் பேசியிருப்பேன். வந்து பொத்தானை அழுத்தினால் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் பேட்டரி என்று நினைத்து மறுபடியும் அழுத்தினேன். அந்த இரண்டாவது அழுத்தம்தான் முட்டாள்தனம். தண்ணீர் திறந்திருந்தது தெரிந்தால், முதல் டொக்கோடு கையை எடுத்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த கருவி என்று கேட்டால், ஆறு டாலர் கொடுத்துக் கனேடியன் டயர் என்ற கடையில் வாங்கிய ஒரு பித்தளை வால்வு. ஹோஸின் வண்டிப் பக்க முனையில் மாட்டியிருக்கிறேன். ஒரு கை பொத்தானில், ஒரு கை வால்வில். இனி மச்சான் தேவையில்லை.

தண்ணீர் உள்ளே போய்விட்டால்

மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள். இந்த வண்டியில் அப்படிச் செய்தால் பெட்ரோலும் பொறியும் நின்று, எஞ்சின் சும்மா சுற்றும். பொத்தானுக்கு முன்பே ஆக்சிலேட்டரை அழுத்தியிருக்க வேண்டும், கடைசி வரை விடக் கூடாது. பிளக் ஓட்டைகளுக்கு மேல் முகத்தை நீட்டாதீர்கள், தண்ணீர் பீய்ச்சியடிக்கும். எங்கள் கராஜ் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பிறகு ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால் தேநீர் நிறத்தில் இருந்தால் ஆயிலிலும் தண்ணீர் கலந்துவிட்டது. உறிஞ்சி எடுத்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, கொஞ்ச நேரம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டும். எனக்கு மூன்று தடவை ஆயிற்று. இதை அன்றைக்கே செய்யுங்கள். வார இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உள்ளே துரு பிடிக்கும்.

இதே காரணத்தால் இன்னும் இரண்டு விஷயம். கவிழ்ந்த வண்டியை நிமிர்த்தும்போது, பின்பக்க ஸ்டிக்கர் காட்டும் திசையில்தான் புரட்ட வேண்டும். எதிர்த்திசையில் புரட்டினால் மஃப்ளரில் இருக்கும் தண்ணீர் எஞ்சினுக்குப் போகும். நின்றுபோன வண்டியை இன்னொரு படகு கட்டி இழுத்தால், இழுக்கும் வேகமே ஜெட் பம்பு வழியாகத் தண்ணீரை எக்ஸாஸ்டுக்குள் ஏற்றும். பம்பிலிருந்து எக்ஸாஸ்டுக்குப் போகும் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு நெரித்துவிட்டு, மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். அந்த பிளாஸ்டிக் கிளாம்ப் எப்போதும் என் கையுறைப் பெட்டியில் இருக்கும்.

ஆயில்

100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது வருடம் ஒரு முறை. எஞ்சின் சூடாக இருக்கும்போது, வண்டியை மட்டமாக நிறுத்தி, அளவுக் கம்பி ஓட்டையில் குழாய் விட்டு உறிஞ்சி எடுங்கள். கையால் அடிக்கும் உறிஞ்சு பம்பே போதும், மின்சாரத்தில் ஓடுவதை வாங்கி வீணாக்கினேன். ஆயில் பிராண்டுச் சண்டைக்கு நான் வரவில்லை. கையேட்டில் சொன்ன கிரேடு எதுவோ அது.

ஸ்டார்ட் ஆகவில்லை

சாவியை வண்டியில் அதற்கென்று இருக்கும் முனையில் மாட்டும்போது காதைக் கொடுங்கள். இரண்டு சின்ன பீப் வந்தால் வண்டி சாவியை அடையாளம் கண்டுவிட்டது. ஒரே நீளமான பீப் என்றால் தொடர்பு சரியில்லை, அல்லது சாவி தவறு. முனையைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்து மறுபடி மாட்டுங்கள்.

சத்தமே இல்லையென்றால், அல்லது டிக் டிக் என்று மட்டும் கேட்டால், மல்டிமீட்டர். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள், ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் நேரத்து அளவையும் பாருங்கள். முழு சார்ஜில் இருந்தும் அந்த நேரத்தில் 10-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி கிழடு, அல்லது முனைகள் தளர்ந்திருக்கின்றன. ஏரி அலையில் குதித்துக் குதித்து முனைகள் தளர்வது சாதாரணம். கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், மாட்டும்போது கடைசியில் கறுப்பு.

எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை

முதலில் ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைப் பாருங்கள். ஆர்பிஎம் ஏறவே மாட்டேன் என்கிறதா? அப்படியென்றால் கோளாறு எஞ்சின் பக்கம்: பிளக், பெட்ரோல், அல்லது வண்டியே ஏதோ கோளாறைக் கண்டுபிடித்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது. திரையில் செய்தி இருக்கும். ஆர்பிஎம் ஜிவ்வென்று ஏறுகிறது, வேகம் மட்டும் வரவில்லையா? அது பம்பு பக்கம்.

பம்பு பக்கம் என்றால் பத்துக்கு எட்டுத் தடவை பாசிதான். சிம்கோவின் தெற்குக் கோடியில் இருக்கும் குக்ஸ் பே ஆழமில்லாத இடம், கோடை நடுவில் பாசி காடாக மண்டிவிடும். எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, அப்புறம்தான் அடியில் கையை விட வேண்டும். வரவில்லையென்றால் கரைக்கு இழுத்து வந்து எடுங்கள்.

பாசி இல்லையென்றால் கல். வண்டியின் அடியில் மூன்று அடித் தண்ணீர் இல்லாத இடத்தில் ஸ்டார்ட் பண்ணினால் பம்பு கூழாங்கல்லை உறிஞ்சும். கல், பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லரின் ஓரத்தை மடிக்கும், சுற்றியிருக்கும் வேர் ரிங்கை (wear ring) கீறும். இம்பெல்லரைக் காப்பாற்றத் தன்னைக் கொடுக்கவே வைத்த பிளாஸ்டிக் வளையம் அது. இடைவெளி கூடினால் தண்ணீர் பின்னோக்கி நழுவும், தள்ளும் பலம் போய்விடும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நகத்தில் மாட்டும் அளவு வரிப்பள்ளம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான்.

பழைய வளையத்தை இரண்டு இடத்தில் அறுத்து எடுக்க வேண்டும், வெளிக்கூட்டில் ரம்பம் படாமல். புதிய வளையத்தை ஓர் இரவு ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி எளிதாக உள்ளே போகும். எங்கள் வீட்டில் அது ஒரு பொட்டலம் விளைமீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது, வீட்டு அம்மாவின் கேள்விகளுக்கு நீங்களே பதில் தயார் செய்துகொள்ளுங்கள். இம்பெல்லரைக் கழற்ற அதற்கென்று ஒரு கருவி வேண்டும். முதல் தடவை தெரிந்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், நானும் அப்படித்தான் கற்றேன்.

குளிர்காலம்

கடைசி ஓட்டத்துக்கு முன் டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, அது எஞ்சின் வரை போகும்படி ஓட்டுங்கள். கராஜில் கழுவி முடித்த பிறகு, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நிற்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து விரிசல் விடும். ஹோஸ் மாட்டும் அதே இடத்தில் கம்ப்ரஸர் காற்றை விடுங்கள், 55 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், பின்னால் தண்ணீர் சொட்டுவது நிற்கும் வரை. பிளக் ஓட்டைகளில், உள்ளே துரு பிடிக்காமல் காக்கும் ஃபாகிங் ஆயில் அடித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடி எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்ற விடுங்கள். பேட்டரியை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள்.

பிற்சேர்க்கை

யமஹா ஜெட் ஸ்கீக்கும் இதே வரிசையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், முதலில் எஞ்சின், அப்புறம் தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர். ஆனால் அதில் எஞ்சினைக் குளிரவைப்பதும் வெளித் தண்ணீரே, அதனால் உப்பும் மணலும் எஞ்சினுக்குள்ளேயே போகும். கடலில் ஓட்டுபவர்கள் கழுவுவதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். எத்தனை நிமிடம் ஓடவிடலாம் என்பதற்கு உங்கள் கையேட்டைப் பாருங்கள், என் கணக்கு சீ-டூவுக்கு.

இன்னொரு திருத்தம். அந்தப் பித்தளை வால்வைக் குளிர்காலத்தில் தண்ணீர் வடித்து வீட்டுக்குள் வையுங்கள். என்னுடையது போன ஜனவரியில் கராஜிலேயே பிளந்துவிட்டது. மேலே ஆறு டாலர் என்று எழுதியதைப் பன்னிரண்டு என்று படிக்கவும்.