எட்டே முக்காலில் நிற்கும் கடிகாரம்: மூன்றடி வட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் மண்டபத்துக்கோ வாசிகசாலைக்கோ மூன்றடி அகலத்தில் பற்றரிக் கடிகாரம் செய்பவர்கள் பெரும்பாலும் முகப்பை அழகாக்குவதிலேயே நேரத்தைப் போக்குகிறார்கள். கடிகாரம் ஓடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரிய முள்.

பழைய பத்து அங்குலக் கடிகாரத்து மெஷினைக் கழற்றி இதில் பூட்டுவதுதான் பரவலான தவறு. அந்த மெஷின் சிறிய, இலேசான முள்ளுக்குச் செய்யப்பட்டது. நீள முள்ளுக்கென்று தனியாக வரும், சுழற்றும் பலம் கூடிய ஹை டோர்க் மெஷினை வாங்குங்கள். எத்தனை சென்ரிமீற்றர் முள்ளைத் தாங்கும் என்று கேட்டே வாங்குங்கள். முட்களையும் அதே இடத்தில், அதே மெஷினுக்கு உரியதாக எடுப்பது நல்லது. துளை பொருந்தவில்லையென்று அரத்தால் ராவினால் முள் மையம் விலகி ஆடும்.

நல்ல மெஷினையும் தோற்கடிப்பது சமநிலை இல்லாத முள். 30 சென்ரிமீற்றர் நீளமும் 20 கிராம் எடையும் உள்ள அலுமினிய முள்ளின் எடைமையம் அச்சிலிருந்து 12 சென்ரிமீற்றரில் இருந்தால், முள் கிடையாக நிற்கும்போது அச்சின்மேல் விழும் சுமை 20 x 12 = 240 கிராம்-சென்ரிமீற்றர். 12இலிருந்து 6 வரை இந்த எடை முள்ளை இறக்கிவிட உதவும். 6இலிருந்து ஏறும்போது அதே எடையை மெஷின் தூக்க வேண்டும். ஒன்பதுக்கு நேரே வரும்போது சுமை உச்சம். அதனால்தான் இப்படியான கடிகாரங்கள் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் நின்றுபோகின்றன. பலர் பற்றரியைக் குறை சொல்லிப் புதிது புதிதாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு வைத்தியம் எளிது. முள்ளின் வாலை 6 சென்ரிமீற்றர் நீட்டி, நுனியில் 40 கிராம் இரும்பு வொஷர்களை எபொக்சியால் ஒட்டினால் 6 x 40 = 240; கணக்கு நேராகிவிடும். ஒட்டுவது முன்பக்கத்தில், பின்பக்கம் ஒட்டினால் சின்ன முள்ளில் இடிக்கும். பிறகு முள்ளை ஒரு மெல்லிய ஊசியில் கோத்துச் சுழற்றிப் பாருங்கள். எந்தத் திசையில் விட்டாலும் அப்படியே நிற்க வேண்டும். சின்ன முள்ளையும் இப்படியே சமநிலைப்படுத்துங்கள், ஆனால் அதன் வொஷர் பெரிய முள்ளில் இடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அளவுக் கடிகாரத்துக்குச் செக்கன் முள் தேவையே இல்லை, அது வீண் சுமை.

மலையக ஈரத்துக்கு, மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை சரிவராது, ஓரம் ஊதி, மேற்பரப்பு அலையடித்து, முள் உரசத் தொடங்கும். நீர் தாங்கும் பிளைவுட் 9 அல்லது 12 மில்லிமீற்றரில் எடுத்து, இரு பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் அடியுங்கள். முன்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும். மெஷினின் மறையுள்ள கழுத்து பலகையைத் தாண்டி நட் பிடிக்கும் அளவு வெளியே வராவிட்டால், பின்பக்கத்தில் மெஷின் அமரும் சதுரத்தை மட்டும் உளியால் குடைந்து மெலிதாக்குங்கள். நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் கூடு வெடிக்கும்.

மெஷினின் பற்சில்லுக்கு எண்ணெய் விடும் பழக்கத்தையும் விடுங்கள், முக்கியமாகத் தேங்காயெண்ணெய். ஏறக்குறைய 24 பாகையிலேயே அது உறையத் தொடங்கும். நுவரெலியாவில் போத்தலுக்குள் கட்டியாக நிற்கும் எண்ணெய் மெஷினுக்குள் மட்டும் இளகியா இருக்கும்?

குளிரால் கடிகாரம் பிந்துவது உண்மை, ஆனால் மிகக் கொஞ்சம். உள்ளே செக்கனுக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் பளிங்கு 25 பாகைக்கு அண்மையில்தான் உச்ச வேகத்தில் ஓடும்படி செய்யப்படுகிறது. 15 பாகைக் காம்பராவில் குளிரால் மட்டும் பிந்துவது மாதத்துக்கு ஏறத்தாழ 9 செக்கன். நாளுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் குளிரைத் திட்டாமல், முள் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள்.

பற்றரி அல்கலைன் போடுங்கள். மலிவான சிங்க்-காபன் தீர்ந்தபின் கசிந்து தகடுகளை அரிக்கும். அல்கலைனும் தீர்ந்தபின் விட்டுவைத்தால் கசியும், ஆகவே வருடம் ஒருமுறை மாற்றுங்கள். சார்ஜ் செய்யும் வகை 1.2 வோல்ற் மட்டுமே தருவதால் பெரிய முள்ளுக்குப் பலம் குறையும். 3.7 வோல்ற் லிதியம் பற்றரி அளவில் ஒத்துப்போனாலும் போடவே வேண்டாம், மெஷின் போய்விடும்.

12 மில்லிமீற்றர் பலகையில் மூன்றடி வட்டம் நாலரைக் கிலோவைத் தாண்டும். லயத்துக் காம்பராவின் பழைய கல்லும் சுண்ணாம்புமான சுவரில் ஆணி அடித்தால் சாந்து உதிர்ந்து கழன்றுவிடும். டிரில் செய்து, துளைக்குள் ஸ்குரூவைப் பிடிக்கும் றோல் பிளக்கும் ஸ்குரூவும் போடுங்கள். மழைச்சாரல் படும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டி, பின்னால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளிக்குக் கட்டை வையுங்கள்.

மாட்டுமுன் நிமிர்த்தி வைத்து, நேரத்தைப் பின்பக்கத் திருகால் எட்டரைக்கு வையுங்கள். முள்ளைக் கையால் தள்ளாதீர்கள், பல் தேயும். எட்டே முக்காலில் இரண்டு முட்களும் கிடைக்கு அண்மையில் இடப்பக்கம் நிற்கும். அந்த நேரத்தைத் தடுமாறாமல் கடந்தால் ஒரு முழு நாள் ஓடவிட்டுப் பார்த்து, அதன்பிறகு கண்ணாடியைப் போடுங்கள்.