2026 டிசம்பர் 10 முதல் 17 வரை: இரவு வானில் எதை, எப்போது, எப்படிப் பார்ப்பது

இந்த வாரத்து இரவுகளை நிலாவை வைத்தே திட்டமிட வேண்டும். டிசம்பர் 9 அன்று அமாவாசை என்பதால் வாரம் முழுவதும் வளர்பிறை மாலையில் மட்டுமே தலைகாட்டும். நள்ளிரவுக்குப் பிந்தைய வானம் இருட்டாகவே கிடைக்கும். ஆண்டின் மிகச் செழிப்பான எரிகல் பொழிவு இதே வாரத்தில் உச்சமடைகிறது என்பது நல்வாய்ப்பு. முழுநிலாவை ஒட்டி உச்சம் அமையும் ஆண்டுகளில் மங்கலான எரிகற்கள் அனைத்தும் நிலவொளியில் கரைந்துவிடும்.

முதலில் பிறையைப் பார்த்துவிடலாம். 11 அல்லது 12ஆம் தேதி சூரியன் மறைந்து முக்கால் மணி நேரத்துக்குள் மேற்கு அடிவானைப் பாருங்கள். மெல்லிய பிறையின் மீதிப் பகுதியும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் நிலாவின் அந்த இருண்ட பக்கத்துக்கு வெளிச்சம் தருகிறது. பிறை தடிக்கத் தடிக்க இந்த ஒளி மங்கிப்போகும் என்பதால் வாரக் கடைசிக்கு இதைத் தள்ளிப்போட வேண்டாம். கையில் பைனாகுலர் இருந்தால் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக் கோட்டிலேயே கண்ணை வையுங்கள். அங்கே சூரிய ஒளி சாய்ந்து விழுவதால் பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழல்களுடன் எடுப்பாகத் தெரியும். நாளுக்கு ஏறத்தாழ 13 பாகை கிழக்கே நகரும் நிலா 17ஆம் தேதி பாதி நிலாவாகி, சனிக் கோளை நெருங்கியிருக்கும்.

அந்தச் சனியை மாலை இருட்டியதும் காணலாம். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு உச்சியை ஒட்டியும், வடக்கே வாழ்பவர்களுக்குத் தெற்கு வானிலும் மின்னாமல் நிதானமாக ஒளிரும் மஞ்சள் புள்ளி அது. சுற்றிலும் பிரகாசமான விண்மீன்கள் குறைவு என்பதால் அடையாளம் காண்பது எளிது. 2025 மார்ச்சில் அதன் வளையங்கள் நமக்கு விளிம்பு காட்டி நின்றன. இன்னும் அவை அகலமாகத் திறக்கவில்லை. தொலைநோக்கியில் பார்ப்பவர்கள் படங்களில் கண்ட பரந்த வளையத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி எரிகற்கள். ஜெமினிட் எனப்படும் இந்தப் பொழிவுக்கு 13ஆம் தேதி இரவையும் 14ஆம் தேதி இரவையும் ஒதுக்கி வையுங்கள். மிகவும் இருண்ட வானில், எரிகற்கள் புறப்படுவதுபோல் தோன்றும் புள்ளி தலைக்கு நேர்மேலே இருந்தால், மணிக்கு 120க்கும் மேற்பட்ட எரிகற்களைக் காணலாம் என்பது கணக்கு. ஆனால் அந்தப் புள்ளி எப்போதும் உச்சியில் இருப்பதில்லை, நம் வானமும் அவ்வளவு இருட்டாக இருப்பதில்லை. நகர விளக்குகளுக்கு நடுவே மணிக்குப் பத்து கிடைத்தாலே திருப்திப்பட வேண்டும். புனர்பூசத்தின் இரண்டு விண்மீன்களில் ஒன்றான காஸ்டருக்கு அருகில்தான் அந்தப் புள்ளி இருக்கிறது. அது முன்னிரவில் கிழக்கே எழுந்து, அதிகாலை இரண்டு மணியளவில் தன் உச்ச உயரத்தை அடையும். தென் அரைக்கோளத்தில் அது தாழ்வாகவே இருப்பதால் எண்ணிக்கை குறையும்.

எரிகல் பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச் சென்ற தூசியால் ஏற்படுபவை. ஜெமினிட் இதில் விதிவிலக்கு: இதைத் தோற்றுவிப்பது 1983இல் ஐராஸ் செயற்கைக்கோளின் பதிவுகளில் கண்டறியப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள். ஏறத்தாழ 1.4 ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றும் இது, புதன் கோளைவிடவும் சூரியனை நெருங்கிச் செல்கிறது. அது உதிர்த்த துகள்கள் வினாடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் வளிமண்டலத்தில் நுழைகின்றன. ஆகஸ்டில் வரும் பெர்சீட் எரிகற்களின் வேகம் வினாடிக்கு 59 கிலோமீட்டர். அதனுடன் ஒப்பிட்டால் இவை நிதானமானவை. அருகில் இருப்பவரிடம் “அதோ” என்று காட்டி முடிப்பதற்குள் சில சமயம் அவரும் பார்த்துவிடுவார்.

பார்க்கும் முறை எளிதுதான், பொறுமைதான் வேண்டும். தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாத திறந்த இடத்தில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால் கால் மணி நேரத்தில் கழுத்து வலித்துவிடும். கண் இருளுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். அதற்கு நடுவில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் மீண்டும் தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். வெளிச்சம் அவசியமென்றால் டார்ச்சின் முகப்பில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்ளுங்கள். பைனாகுலரும் தொலைநோக்கியும் இங்கே பயன்படாது, ஏனென்றால் அவை வானின் பரப்பைச் சுருக்கிவிடுகின்றன. காஸ்டரையே உற்றுப் பார்க்கவும் வேண்டாம். புறப்படும் புள்ளிக்கு அருகில் தோன்றும் எரிகற்கள் குட்டையான கோடுகளாகவே தெரியும்; அதிலிருந்து நாற்பது ஐம்பது பாகை தள்ளிப் பார்த்தால் நீண்ட கோடுகள் கிடைக்கும். கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை என்பதால், நான்கைந்து முஷ்டி அளந்துகொள்வது போதும்.

எரிகற்களுக்காகக் காத்திருக்கும் வேளையில் திருவாதிரை, ரோகிணி, கார்த்திகை மூன்றையும் பார்வையால் தொட்டுவிடலாம். வேட்டைக்காரன் விண்மீன் குழுவின் இடைவாராக மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையின் ஒரு பக்கத்தில் செம்மஞ்சளாகத் தெரிவது திருவாதிரை. 2019 இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை வழக்கத்துக்கு மாறாக மங்கி, வெடித்துவிடுமோ என்று பலரைப் பேசவைத்த விண்மீன் இதுவே. அது உமிழ்ந்த தூசி அதன் ஒளியை மறைத்ததே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

நள்ளிரவை நெருங்கும்போது கிழக்கே சிம்ம ராசி மேலேறும். முதலில் வெண்மையாகப் பளிச்சிடுவது வியாழன், அடுத்து மகம், அதற்கும் கீழே சிவந்த செவ்வாய். இந்த வாரம் வியாழன் ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்கும். செவ்வாய் மட்டும் மகத்தை விட்டு இரவுக்கு இரவு சற்றே விலகும். சிறிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பரிந்துரை: ஒவ்வோர் இரவும் ஒரே நேரத்தில் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் தாளில் புள்ளிகளாகக் குறித்து வையுங்கள். அயோ இரண்டு நாளுக்கும் குறைவாக ஒரு சுற்றை முடிப்பதால் தினமும் இடம் மாறியிருக்கும்; கானிமீடுக்கு ஏழு நாளும் சில மணி நேரமும் தேவைப்படுவதால், 10ஆம் தேதி குறித்த இடத்துக்கு அருகிலேயே 17ஆம் தேதி அதைக் காணலாம். 1610 ஜனவரியில் கலிலியோ இப்படித் தொடர்ந்து குறித்து வைத்துத்தான் அவை வியாழனைச் சுற்றுகின்றன என்ற முடிவுக்கு வந்தார்.

விடியலுக்கு முன் விழித்திருப்பவர்கள் கிழக்கே சித்திரை விண்மீனுக்குக் கீழே வெள்ளியைத் தேடவே வேண்டியதில்லை. அதுவே கண்ணில் படும். தொலைநோக்கியில் அது பாதிக்கும் குறைவாக ஒளிரும் பிறையாகத் தெரியும். சூரியன் எழுவதற்குள் கருவியை வேறு திசைக்குத் திருப்பிவிடுங்கள், ஏனென்றால் தவறுதலாகக்கூடச் சூரியனைத் தொலைநோக்கியில் பார்த்தால் கண்பார்வை நிலையாகப் பாதிக்கப்படும்.

மேகம் சூழுமென்று வானிலை அறிக்கை சொன்னால் எரிகற்களுக்கு மாற்று நாளாக 12ஆம் தேதி இரவைத் தேர்ந்தெடுங்கள். உச்சத்தை நோக்கிய ஏற்றம் படிப்படியானது, அதன்பின் சரிவு வேகமானது என்பதால் 15ஆம் தேதி இரவு அதே அளவு எரிகற்களைத் தராது.