ரோயிங் கிளப்பில் சேரலாமா? கேம்பிரிட்ஜில் துடுப்பு பிடிக்க ஆசைப்படும் புதியவர்களுக்கு

போன வருடம் ஏப்ரல் வரை நான் துடுப்பைத் தொட்டதே இல்லை. சென்னையில் இருந்தபோது போட் கிளப் ரோடு என்றால் பெரிய பணக்காரர்கள் வசிக்கும் தெரு, அவ்வளவுதான். அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது, அடையாற்றில் இன்றும் படகு விடுகிறார்கள் என்பதெல்லாம் இங்கே இங்கிலாந்துக்கு வந்து, இன்னொரு ஆற்றில் நனைந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

கேம்பிரிட்ஜ் என்றதும் பல்கலைக்கழக மாணவர்களின் விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் இரண்டு வருடம் கேம் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். கல்லூரிகளுக்கு அவரவர் கிளப் இருப்பது உண்மை. ஆனால் ஊர்க்காரர்களுக்கும் தனியே கிளப்கள் இருக்கின்றன. ராப் ராய் 1880இல் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் 99 எந்த வருடம் என்று பெயரே சொல்லிவிடும், 1899. இவற்றில் பள்ளி ஆசிரியர், நர்ஸ், என்னைப் போல கம்ப்யூட்டர் முன்னால் முதுகு கூனியவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் சேர்ந்த நான் எங்கள் குழுவில் நடுவயது.

"எப்படிச் சேர்ந்தாய்?" என்று கேட்கும் நண்பர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் படி: நீச்சல்

நீச்சல் தெரியாவிட்டால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரோயிங் என்ற தேசிய அமைப்பின் பாதுகாப்பு வழிகாட்டுதல் கேட்பது மூன்று: படகோட்டும் உடையோடு 50 மீட்டர் நீந்த வேண்டும், இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்க வேண்டும், தண்ணீருக்கு அடியில் 5 மீட்டர் போக வேண்டும். சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் கற்ற நீச்சலே போதும், ஸ்டைலை யாரும் பார்ப்பதில்லை. துடுப்பு போடுகிறவர்கள் பொதுவாக லைஃப் ஜாக்கெட் அணிவதில்லை என்பதால்தான் இந்த விதி. துடுப்பு போடாமல் படகின் திசையைத் திருப்பி, கட்டளை சொல்லும் காக்ஸ் மட்டும் கட்டாயம் அணிய வேண்டும்.

தண்ணீரின் குளிரை நம் ஊர்க் கணக்கில் நினைத்துவிடாதீர்கள். ஏப்ரலில் வெயில் அடிக்கும், ஆறு மட்டும் ஐஸ் பெட்டிபோல இருக்கும். அதில் திடீரென்று விழுந்தால் மூச்சு தாறுமாறாகும், அது அடங்கும் வரை எதையும் செய்ய முடியாது. அதனால் எல்லா கிளப்பிலும் முதலில் சொல்லும் பாடம் இதுதான்: கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காதே, படகைப் பிடித்துக்கொள். படகு மிதக்கும். உடம்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அதன்மேல் ஏற்றிக்கொள். எட்டுப் பேர் படகு கவிழ்வது அபூர்வம். ஒற்றையாள் படகு தும்மினாலே கவிழும்.

இரண்டாம் படி: கிளப்பைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நான் தவறினேன். கோப்பைகளையும் புதுப் படகுகளையும் பார்த்து முதலில் ஒரு கிளப்புக்கு எழுதினேன். மூன்று வாரம் பதிலே இல்லை. வந்தபோது, பயிற்சி நேரம் வார நாட்களில் காலை ஆறு மணி என்று இருந்தது. எனக்கு அந்த நேரத்தில் வீட்டில் குழந்தையைக் கிளப்ப வேண்டும். கிளப் எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

நீங்கள் பார்க்க வேண்டியது பயிற்சி நேரத்தை. மற்ற விளையாட்டில் நீங்கள் போகாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். இதில் எட்டுப் பேர் படகில் ஒருவர் வராவிட்டால் மீதி ஏழு பேரும் காக்ஸும் கரையில் நிற்பார்கள். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள்: புதியவர்களுக்கு எந்தெந்த நாள், எத்தனை மணி? வாரம் எத்தனை முறை வந்தே ஆக வேண்டும்? பயிற்சி வகுப்பு முடிந்த பிறகு எங்களை எந்தக் குழுவில் போடுவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். வகுப்பை நன்றாக நடத்திவிட்டு, முடிந்ததும் புதியவர்களுக்கு இடம் இல்லை என்று கைவிரிக்கும் கிளப்களும் உண்டு.

சேர நல்ல காலம் வசந்தம், அதாவது ஏப்ரல், மே. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாட்களில் ஆறு கிடைக்காது.

மூன்றாம் படி: எழுதிக் கேட்பது

ஊர் கிளப்களை நடத்துவது பெரும்பாலும் தன்னார்வலர்கள். அலுவலகம், வரவேற்பாளர் எல்லாம் கிடையாது. உங்கள் மின்னஞ்சலைப் படிக்கிறவர் பகலில் வேறு வேலை பார்ப்பவர். ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்: நான் புதியவன், நீச்சல் தெரியும், இந்த நாட்களில் வர முடியும், புதியவர்களுக்கான வகுப்பு எப்போது? ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, முதுகு வலி ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது உங்களை ஒதுக்குவதற்கு இல்லை, ஆற்றின் நடுவில் ஏதாவது ஆனால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நாளில் பதில் இல்லை என்றால் மறுபடி ஒரு வரி எழுதலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு சின்ன விஷயம். இங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு எழுபது வயது இருக்கும். முதல் மாதம் முழுக்க அவரைக் கூப்பிடாமலேயே சமாளித்தேன், எதிரில் போய் நின்று தொண்டையைக் கனைப்பேன்.

நான்காம் படி: தரையில் படகு ஓட்டுவது

முதல் வகுப்பில் ஆற்றில் இறக்குவார்கள் என்று எதிர்பார்த்து நல்ல வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போனேன். உட்கார வைத்தது எர்க் மெஷினில். ஜிம்மில் பார்த்திருப்பீர்கள், சக்கரம் சுழலும், கைப்பிடியை இழுக்க வேண்டும். பெரும்பாலும் கான்செப்ட்2 தயாரிப்பாக இருக்கும். பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்புகோல் உண்டு. வீரம் காட்ட 10இல் வைக்காதீர்கள், இடுப்பு போய்விடும். 3 அல்லது 4 போதும்.

ரோயிங் என்றால் கைவேலை என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது கால்வேலை. இருக்கை முன்னும் பின்னும் உருளும். முட்டியை மடக்கி முன்னால் வந்து, முதலில் காலால் தள்ள வேண்டும். கால் நீண்ட பிறகு உடம்பு பின்னால் சாய வேண்டும், கடைசியாகத்தான் கை மடங்கிக் கைப்பிடி விலா வரை வரும். திரும்பும்போது தலைகீழ் வரிசை: கை, உடம்பு, கால். தள்ளுவது வேகமாக, திரும்பி வருவது நிதானமாக. நிமிடத்துக்கு 18, 20 முறைக்கு மேல் தேவையில்லை. புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, கை நீளும் முன்பே முட்டியை மடக்குவது. அப்படிச் செய்தால் கைப்பிடி முட்டியைத் தாண்ட வேண்டியிருக்கும், மெஷினில் அது சின்னத் தடங்கல்தான். படகில் அதே தவறைச் செய்தால் துடுப்பு தண்ணீரைத் தட்டி எல்லோரையும் ஆட்டிவிடும்.

உடை: உடம்போடு ஒட்டியது. தொளதொள சட்டையின் ஓரம் உருளும் இருக்கையின் சக்கரத்தில் சிக்கும். முன்பக்கம் பை வைத்த ஸ்வெட்டர் போட்டால் இழுக்கும்போது கட்டைவிரல் அதில் மாட்டும். கண்ணாடி போடுகிறவர்கள் கழுத்துக்கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கேம் ஆற்றின் அடியில் எத்தனையோ கண்ணாடிகள் கிடக்கின்றன. ஷூ படகிலேயே பொருத்தியிருக்கும், நல்ல சாக்ஸ் மட்டும் போதும்.

ஐந்தாம் படி: படகைத் தூக்குவது

கேம்பிரிட்ஜில் அதிகம் நடப்பது ஸ்வீப், அதாவது ஆளுக்கு ஒரே நீளத் துடுப்பு, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு சின்னத் துடுப்பு என்றால் அது ஸ்கல்லிங். போட்டி விதிப்படி ஒற்றையாள் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, எட்டுப் பேர் படகு 96 கிலோ. எட்டுப் பேர் தூக்கினால் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோதான், ஒரு கல்யாண வீட்டுக் காய்கறி மூட்டை அளவுகூட இல்லை. சிக்கல் எடையில் இல்லை, நீளத்தில். பேருந்தை விட நீளமான ஒன்றை ஷெட்டுக்குள் இருந்து எதிலும் இடிக்காமல் வெளியே கொண்டுவர வேண்டும். காக்ஸ் சொல்லும்போதுதான் தூக்க வேண்டும், சொல்லும்போதுதான் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் சொந்த யோசனை எதுவும் வேண்டாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டங்கள், ரிக்கர் என்பார்கள், சரியாக நெற்றி உயரத்தில் வரும்.

ஏறும்போது இருக்கைக்கு முன்னால் கால் வைக்க என்று ஒரு பட்டை இருக்கும், அதில் மட்டும் மிதியுங்கள். மற்ற இடமெல்லாம் மெல்லிய ஓடு, மிதித்தால் கால் வெளியே போய்விடும். ஷூவின் குதிகாலில் ஒரு குட்டிக் கயிறு கட்டியிருக்கும். அது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். படகு கவிழ்ந்தால் கால் ஷூவிலிருந்து கழன்று வர அந்தக் கயிறுதான் உதவும்.

ஆறாம் படி: தண்ணீரில்

நீங்கள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள், போகும் திசை தெரியாது. காக்ஸின் குரல் மட்டுமே கண். எத்தனை கட்டளைகள் இருந்தாலும் இரண்டைத் தூக்கத்திலும் மறக்காதீர்கள். 'ஈஸி' என்றால் துடுப்பு போடுவதை நிறுத்து. 'ஹோல்டு இட் அப்' என்றால் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் படகை உடனே நிறுத்து. ஏன் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் அன்னப்பறவை இருக்கலாம், இன்னொரு படகு இருக்கலாம், ஆற்றில் நீந்துகிறவர் தலையும் இருக்கலாம்.

மற்றபடி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்து, அவர் போகும்போது போக வேண்டும், வரும்போது வர வேண்டும். உங்களுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் அரை நொடி முந்தினால் அது படகைக் கெடுக்கும் பலம்தான். எங்கள் படகில் கிரிக்கெட் ஆடிப் பழகிய திடகாத்திரமான ஒருவர் இருந்தார், அவரால்தான் ஆரம்பத்தில் அதிகம் ஆடினோம். பரதநாட்டியம் கற்ற பெண்ணொருவர் மூன்றாவது வகுப்பிலேயே சரியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்குத் தாளம் தெரியும்.

ஒரு நாள் துடுப்பின் தட்டு தண்ணீருக்குள் கோணலாகப் போய் மாட்டிக்கொள்ளும். வெளியே எடுக்க முடியாது, படகின் வேகம் கைப்பிடியை உங்கள் வயிற்றில் கொண்டுவந்து அடிக்கும். இதற்கு இங்கே 'நண்டு பிடிப்பது' என்று பெயர். கைப்பிடியோடு மல்லுக்கட்டாமல் தலைக்கு மேல் போகவிட்டு மல்லாந்து படுத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒரே மாலையில் நான்கு பிடித்தேன், குழம்பு வைக்கலாம் என்று காக்ஸ் சொன்னாள்.

கையில் கொப்புளம் வரும். துடுப்பை இறுக்கிப் பிடிக்காமல் விரல்களைக் கொக்கிபோல மாட்டினால் குறையும். தோலைப் பிய்க்காதீர்கள், கரையேறியதும் சோப்பு போட்டுக் கழுவுங்கள், அடுத்த முறை டேப் சுற்றிக்கொண்டு போங்கள். ஆற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும், அது திறந்த புண் வழியாக ஏறும். ஆற்றில் நனைந்த சில நாட்களிலோ சில வாரங்களிலோ காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் டாக்டரிடம் படகு ஓட்டுவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: படிவமும் பணமும்

வகுப்பு முடிந்ததும் உறுப்பினர் படிவம் தருவார்கள். வகுப்புக் கட்டணம் வேறு, வருடச் சந்தா வேறு. பிரிட்டிஷ் ரோயிங் உறுப்பினர் அட்டையும் பெரும்பாலான கிளப்கள் கேட்கும், காப்பீடு அதோடு வரும். போட்டிக்குப் போனால் நுழைவுக் கட்டணம் தனி. மாணவர், வேலை தேடுபவர் என்றால் சலுகை இருக்கிறதா என்று கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

சந்தா கட்டியதோடு முடியாது. ஷெட் கூட்டுவது, படகு கழுவுவது, போட்டி நாளில் கரையில் நின்று கொடி காட்டுவது எல்லாம் உறுப்பினர் வேலைதான்.

எட்டாம் படி: முதல் போட்டி

கேம் குறுகலான ஆறு, பல எட்டுப் பேர் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் போட்டியிட இடம் கிடையாது. (ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் பிரபலமான போட்டி இங்கே நடப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது லண்டனில், தேம்ஸில்.) அதனால் இங்கே 'பம்ப்ஸ்' என்று வேறு முறை. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றரைப் படகு நீள இடைவெளியில் நிற்கும். பீரங்கி வெடித்ததும் முன்னால் இருப்பதைத் துரத்தி இடிக்க வேண்டும், பின்னால் வருவது இடிக்கும் முன்பு. இடித்தால் மறுநாள் ஒரு இடம் மேலே, இடிபட்டால் ஒரு இடம் கீழே. கல்லூரிகளின் மே பம்ப்ஸ் ஜூனில் நடக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். ஊர் கிளப்களுடையது ஜூலையில், வார நாள் மாலைகளில். புதியவர்களின் படகு கடைசிப் பிரிவில் இறங்கும்.

நாங்களும் இறங்கினோம். தினமும் இடிபட்டோம். அப்படித் தினமும் இடிபட்ட குழுவுக்கு இங்கே 'ஸ்பூன்ஸ்' என்று பட்டம். ஒருவர் கடையிலிருந்து ஒன்பது மரக்கரண்டி வாங்கிவந்து கொடுத்தார், என்னுடையதில்தான் இப்போது வீட்டில் ரவை கிளறுகிறோம்.

அந்த வாரம் ஒரு நாள் நல்ல மழை. நடக்காது என்று நானாகவே முடிவு செய்து வீட்டிலிருந்து இருபது நிமிடம் தாமதமாகக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் எட்டுப் பேரும் நனைந்துகொண்டு படகைப் பக்கத்தில் வைத்து நிற்கிறார்கள். யாரும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆகவே மழையோ காற்றோ, ரத்து என்று கேப்டன் சொல்லும் வரை ரத்து இல்லை. ஊருக்குப் போகிறீர்கள், வேலை வந்துவிட்டது என்றால் இரண்டு நாள் முன்பே பட்டியலில் பெயரை எடுத்துவிடுங்கள், மாற்று ஆள் தேட அவர்களுக்கு நேரம் வேண்டும்.