காக்கர் ஸ்பேனியலின் காதை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

புதரில் பதுங்கியிருக்கும் வுட்காக் பறவையைக் கிளப்பிவிட இங்கிலாந்தில் வேட்டைக்காரர்கள் வளர்த்த நாய் இனம் இது. எடை சுமார் 12 முதல் 15 கிலோ. ஓயாமல் ஆடும் வால், எந்நேரமும் தரையை மோப்பம் பிடிக்கும் மூக்கு. மூக்கோடு சேர்ந்து அந்த நீளக் காதுகளும் தரையைத் துழாவும். காது மடல் மூடியே கிடப்பதால் உள்ளே காற்றோட்டம் குறைவு, ஈரம் காயாது, ஈஸ்ட் என்ற பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகும். நம் ஊர்ப் புழுக்கம் வேறு.

தேவையானவை: நாய்களுக்கான இயர் கிளீனர், பஞ்சு, பழைய துண்டு, கொஞ்சம் தின்பண்டம். பட்ஸ் வேண்டவே வேண்டாம், அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் எரிச்சல் தரும்.

1. முதலில் முகர்ந்து பாருங்கள். துர்நாற்றம், சீழ், காபித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு, தொட்டாலே வலி, தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பது, இதில் எது இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நாம் ஊற்றும் திரவம் நடுக்காதுக்குள் போய்க் கெடுதல் செய்யும்.

2. பாட்டிலைக் கொஞ்ச நேரம் கைக்குள் வைத்துச் சில்லிப்பைப் போக்குங்கள். மடலைத் தூக்கிப் பிடித்து, துவாரம் நிரம்பும்வரை ஊற்றுங்கள். பாட்டில் முனை காதில் படக் கூடாது.

3. எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்த படி இதுதான். நாயின் காதுக்குழாய் 'ட' எழுத்தைப் போல முதலில் கீழே இறங்கி, அப்புறம் உள்பக்கம் திரும்பும். அழுக்கு தங்குவது அந்தத் திருப்பத்தில். அதனால் துவாரத்தைச் சுற்றித் தேய்த்துப் பயனில்லை. துவாரத்துக்குக் கீழே, தாடை எலும்பை ஒட்டிக் கெட்டியான குழாய் ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதை மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்டால் திரவம் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அரை நிமிடமாவது பிசையுங்கள். அதுவரை மடலை விடாதீர்கள், விட்டால் தலையை உதறி எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிடும்.

4. சரி, இப்போது விடுங்கள், உதறட்டும். திருப்பத்தில் கிடந்த அழுக்கு மேலே வரும். விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் தானாகப் போகும் ஆழம்வரை மட்டும் துடையுங்கள். உடனே தின்பண்டம் கொடுங்கள்.

ஆரோக்கியமான காதுக்கு வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். குளித்த பிறகு கட்டாயம். தினமும் செய்தால் தோல் புண்ணாகும்.

காதுக்குப் பின்னால் முடி சிக்கிக் கட்டியாகும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், சிக்கோடு தோலும் மேலே இழுபட்டிருக்கும். விரலால் பிரித்து, இரும்புச் சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள். என் அனுபவத்தில் மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட ஸ்லிக்கர் பிரஷ்ஷைவிட இரும்புச் சீப்பே மேல், அடிமுடிவரை போகும். சாப்பாட்டுக் கிண்ணம் குறுகிய வாயோடு ஆழமாக இருந்தால் காது உள்ளே விழாது.

பின்சேர்க்கை: குழாய்க்குள் வளரும் முடியைப் பிடுங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் வேண்டாம், காயம்பட்டால் தொற்று வரும். மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் முதலில் சுத்தம் செய்து, காது உலர்ந்த பிறகு விடுங்கள். அழுக்கின் மேல் விட்டால் மருந்து தோலைச் சேராது.