வேல்ஸ் வீட்டில் விருந்தாளி செய்யக்கூடாத தவறுகள்

வேல்ஸ் நகரங்களான கார்டிஃபுக்கும் ஸ்வான்சிக்கும் படிக்கவோ வேலைக்கோ கிளம்பும் நம்மவர்கள் மறக்காமல் குடை வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே அடிக்கிற காற்றுக்குக் குடை தாங்காது, தொப்பி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள். அதைவிட முக்கியம், அந்த ஊர்க் குடும்பம் ஒன்று சாப்பிடக் கூப்பிட்டால் எப்படி நடந்துகொள்வது என்பது.

“இங்கிலாந்து ரொம்பப் பிடித்திருக்கிறது” என்று பேச்சை ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் இருப்பது வேல்ஸில், இங்கிலாந்தில் இல்லை; இரண்டும் பிரிட்டனுக்குள் தனித்தனி நாடுகள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊரில் யாரைப் பற்றியும் குறை சொல்லாதீர்கள். முப்பது லட்சம் பேரே உள்ள நாடு அது. அவர்களில் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்று சில குடும்பப் பெயர்களையே திரும்பத் திரும்பக் கேட்கலாம். குழப்பம் தீர, பால் ஊற்றுகிற ஜோன்ஸை ‘ஜோன்ஸ் த மில்க்’ என்று தொழிலோடு சேர்த்துக் கூப்பிடுவது பழைய வழக்கம். நேற்று வந்த பிளம்பர் மோசம் என்று நீங்கள் அலுத்துக்கொண்டால் மேசை சட்டென்று அமைதியாகும். அவர் வீட்டுக்காரம்மாவின் சித்தி மகனாக இருப்பார். புதியவரைப் பார்த்ததும் எந்தப் பள்ளத்தாக்கு ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தோண்டித் துருவுவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நீங்களும் தப்ப முடியாது. தெற்கு வேல்ஸின் சுரங்க ஊர்களில் இந்திய மருத்துவர்கள் பலர் காலமெல்லாம் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஆகவே, “எங்க பழைய டாக்டர் உங்களுக்குச் சொந்தமா?” என்று கேட்பார்கள். அவர் பஞ்சாப்காரராக இருந்திருக்கலாம். சிரித்துவிட்டு உங்கள் ஊர்க் கதையைச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது அதுதான்.

தாத்தா பாட்டியைக் கூப்பிடுவதில் கவனம். வடக்கே டைட், நைன்; தெற்கே டாட்கீ, மாம்கீ. வடக்கும் தெற்கும் கலந்து கல்யாணம் செய்த வீட்டில் இரண்டும் இருக்கும். குழந்தைகள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு வாயைத் திறங்கள்.

அவர்கள் வெல்ஷ் மொழியில் பேசினால் உங்களைப் பற்றித்தான் பேச்சு என்று நினைக்காதீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பும் அதில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 2021 கணக்கெடுப்பின்படி, மூன்று வயது நிரம்பியவர்களில் 17.8 சதவீதத்தினருக்கு அந்த மொழி பேச வரும். வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு வராத மொழி பிள்ளைக்காவது வரட்டும் என்று வெல்ஷ் வழிப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் ஏராளம். அண்ணனும் தங்கையும் சமையலறையில் வெல்ஷில் சண்டை போடும்போது யார் முதலில் ஆரம்பித்தது என்று அம்மாவுக்கே தெரியாது. பஞ்சாயத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் நழுவிவிடுங்கள்.

சைவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. கிளாமோர்கன் சாசேஜ் என்றதும் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அதில் இறைச்சியே கிடையாது. பாலாடைக்கட்டி, லீக்ஸ் என்ற வெங்காய வகை, ரொட்டித்தூள், அவ்வளவுதான். சில வீடுகளில் முட்டையும் சேரும். லேவர்பிரெட் என்றதும் ரொட்டி என்று நம்பி வாங்கிக்கொள்வார்கள். அதுவோ மணிக்கணக்கில் வேகவைத்த கடற்பாசி. பெரும்பாலும் பன்றி இறைச்சியின் கொழுப்பில் பொரித்துத் தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். கல்லில் சுடும் வெல்ஷ் கேக்கில் முட்டையும், சில வீடுகளில் பன்றிக் கொழுப்பும் சேரும்; கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மாமியார் சுட்டது இதைவிட மெத்தென்று இருந்தது என்று மருமகளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பாத்திரம் கழுவ உதவுங்கள், நல்லது. ஆனால் மிச்சத்தைக் கண்ட தொட்டியில் கொட்டாதீர்கள். குப்பை பிரிப்பதில் உலகிலேயே முன்வரிசையில் இருக்கும் நாடு அது. தேநீர்ப் பையை உணவுக்கழிவுத் தொட்டியில்தான் போட வேண்டும். பிரிக்க முடியாத குப்பையை எடுக்கப் பல ஊர்களில் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் வண்டி வரும். கான்வியில் 2018 முதல் நான்கு வாரம். அதனால் வீட்டுக்கு ஒருவர் குப்பை அமைச்சராக இருப்பார். நீங்கள் படுத்த பிறகு அவர் தொட்டியைத் திறந்து பார்ப்பார்.

பிப்ரவரி, மார்ச்சில் ஆறு நாடுகள் ரக்பிப் போட்டி நடக்கும். அந்தச் சனிக்கிழமைகளில் விசேஷம் எதுவும் வைக்காதீர்கள். தொலைக்காட்சியில் நாட்டுப்பண் தொடங்கியதும் வீடே பாடும். சொற்கள் தெரியாமல் வாயசைக்க வேண்டாம். 1993-ல் வேல்ஸுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் ஜான் ரெட்வுட் மேடையில் அப்படிச் செய்து கேமராவில் சிக்கினார். இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பல்லவியில் வரும் “க்வ்லாட், க்வ்லாட்” (வெல்ஷில் ‘நாடு, நாடு’) மட்டும் உரக்கப் பாடுங்கள், போதும். இங்கிலாந்திடம் தோற்றுவிட்டால் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுங்கள்.